பைலின்ட்டின் கெடுபிடியைத் தளர்த்துவது எப்படி?

பினாங்கில் வார இறுதி வகுப்புகளில் பைத்தான் பயிலும் நம் மாணவர்கள், பட்டர்வொர்த் ஃபெர்ரிக் கட்டணத்தைக் கணக்கிடும் சிறு நிரலை எழுதி, பைத்தான் நிரல்களில் உள்ள குறைகளைச் சுட்டிக்காட்டும் பைலின்ட் என்ற கருவியில் சோதித்ததும், நிரல் சரியாக ஓடினாலும் வரிசையாக வரும் எச்சரிக்கைகளைக் கண்டு கலங்கிவிடுகிறார்கள். அவற்றுள் பல பிழைகளே அல்ல. பலர் சேர்ந்து எழுதும் பெரிய திட்டங்களுக்குரிய விதிகள், முதல் நாள் மாணவருக்கும் இயல்பிருப்பாகவே பொருத்தப்பட்டுள்ளன.

முதலில், ஒவ்வொரு எச்சரிக்கையின் குறியீட்டிலும் உள்ள முன்னெழுத்தைப் பாருங்கள். ‘சி’ எழுத்துநடை மரபையும், ‘ஆர்’ நிரலின் அமைப்பையும், ‘டபிள்யூ’ ஐயத்திற்குரிய இடத்தையும், ‘ஈ’ பிழையையும் குறிக்கும்.

அடுத்து, ‘ஜெனரேட்-ஆர்சிஃபைல்’ தெரிவைக் கொண்டு அமைப்புக் கோப்பை உருவாக்கி, திட்டக் கோப்புறையில் ‘.பைலின்ட்ஆர்சி’ என்ற பெயரில் சேமியுங்கள். அதிலுள்ள ‘டிஸேபிள்’ பட்டியலில், ஏற்கெனவே இருப்பவற்றை அழிக்காமல், சி0114, சி0116 ஆகிய இரண்டையும் சேர்த்தால், கோப்புக்கும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் (ஃபங்ஷன்) விளக்கவுரை கேட்கும் எச்சரிக்கைகள் நின்றுவிடும். மாறிக்குக் ‘கட்டணம்’ என்று தமிழிலேயே பெயர் சூட்டுவோர் சி2401ஐயும் சேர்க்க வேண்டும். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும் தமிழ்ப் பெயரை, ஆஸ்கி எழுத்தல்ல (அதாவது, அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியில் இல்லை) என்பதற்காக இவ்விதி தடுக்கிறது. தாய்மொழியில் சிந்தித்துப் பழகும் மாணவருக்கு இவ்விதி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வரிநீள வரம்பான 100 எழுத்துகளை அப்படியே விட்டுவிடலாம்.

‘எர்ரர்ஸ்-ஒன்லி’ தெரிவைப் போட்டால் எல்லாம் அடங்கிவிடுமே என்று சிலர் கேட்கலாம். அது ‘டபிள்யூ’ வகையையும் சேர்த்தே மறைத்துவிடுவதால், அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். எடுத்துக்காட்டாக, பயணிகளின் பெயரைச் சேர்க்கும் செயற்கூறில், அளவுருவின் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் அப்பட்டியல் உருவாகும்; பட்டியல் எதையும் கொடுக்காமல் அழைக்கும் ஒவ்வொரு முறையும் அதே பட்டியல் பயன்படுவதால், முதல் பயணத்தில் ஏறியவரின் பெயர் இரண்டாம் பயணத்திலும் வந்து நிற்கும். இதைச் சுட்டிக்காட்டுவது டபிள்யூ0102. இயல்பு மதிப்பாக, ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் ‘நன்’ (None) கொடுத்து, செயற்கூறின் உள்ளே புதிய பட்டியலை உருவாக்கினால் சிக்கல் தீரும்.

ஓர் எச்சரிக்கை ஒரே வரியில் மட்டும் பொருந்தவில்லையெனில், அமைப்புக் கோப்பைத் தொடாமல், அந்த வரியின் இறுதியில் ‘பைலின்ட்: டிஸேபிள்’ குறிப்பை எழுதி, விதியின் பெயரையும் சேருங்கள். உங்கள் செயற்கூறுகளைப் பிறர் பயன்படுத்தத் தொடங்கும் நாளில், சி0116ஐப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.