பிஎஸ்5-ல் முதல் ஆன்லைன் மேட்ச்: சந்தா கட்டும் முன் இப்படி ஆரம்பியுங்கள்

புதிதாக பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆன்லைன்ல ஆட தனியா சந்தா கட்டணுமாமே?" என்பதுதான். கட்ட வேண்டும், ஆனால் எல்லா கேமுக்கும் இல்லை. ஈஏ எஃப்சி, கிரான் டூரிஸ்மோ 7 மாதிரி விலை கொடுத்து வாங்கும் கேம்களில் மற்றவர்களோடு மோத பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தேவை. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் போன்ற இலவச கேம்களுக்குத் தேவையில்லை. எக்ஸ்பாக்ஸிலும் 2021 ஏப்ரலில் இருந்து இதே கதைதான்.

அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் பைசா செலவில்லாமல் ஆடிப் பாருங்கள். அதற்கு என் சிபாரிசு ராக்கெட் லீக். கார்களை ஓட்டிக்கொண்டே கால்பந்து ஆடுவது. 2015-ல் வந்த கேம், 2020 செப்டம்பரில் இலவசமானது. ஒரு மேட்ச் 5 நிமிடம். பந்தை எதிரணி கோலுக்குள் தள்ள வேண்டும், விதி அவ்வளவுதான். துப்பாக்கியும் இல்லை, ரத்தமும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கூச்சமில்லாமல் ஆடலாம்.

படி 1: கணக்கு

பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது நாடு எது என்று கேட்கும். அவசரப்பட்டு எதையாவது தட்டிவிடாதீர்கள், பிறகு அதை மாற்ற முடியாது. உங்கள் கார்டு எந்த நாட்டினுடையதோ அதையே கொடுங்கள். ஆன்லைன் ஐடி என்பது ஊருக்கெல்லாம் தெரியும் பெயர். அதில் முழுப்பெயர், பிறந்த வருடம், போன் நம்பரின் கடைசி இலக்கங்கள் எதுவும் வேண்டாம். இருபடிச் சரிபார்ப்பையும் அப்போதே ஆன் செய்துவிடுங்கள். ஆடப்போவது பிள்ளைகள் என்றால் அவர்களுக்குத் தனியாகச் சிறுவர் கணக்கு தொடங்குங்கள். யாரோடு பேசலாம், எவ்வளவு நேரம் ஆடலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும்.

படி 2: நெட்

இங்கேதான் பலர் தவறான இடத்தில் காசைக் கொட்டுகிறார்கள். "கேம் ஆடணும், 300 எம்பிபிஎஸ் பிளான் போடுங்க" என்பார்கள். வேண்டியதில்லை. கேமை டவுன்லோடு செய்யத்தான் வேகம் வேண்டும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 30 ஜிபி இறங்க கிட்டத்தட்ட 1 மணி 40 நிமிடம் ஆகும். ஆடும்போது போய்வரும் டேட்டா மிகக் கொஞ்சம். நீங்கள் பட்டனை அழுத்திய செய்தி சர்வருக்கு, அதாவது கேமை நடத்தும் கம்பெனியின் கணினிக்குப் போகிறது, பந்து எங்கே இருக்கிறது என்ற செய்தி திரும்பி வருகிறது. அது எவ்வளவு சீக்கிரம் போய்த் திரும்புகிறது, இடையில் எதுவும் தொலையாமல் வருகிறதா என்பதுதான் விஷயம். அந்தப் போய்வரும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம்.

பிங் குறைவது பெரும்பாலும் சர்வர் இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. ஃபைபர் கேபிளுக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்வர மட்டும் 29 மில்லிசெகண்ட் ஆகிவிடும். கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். எவ்வளவு விலை உயர்ந்த பிளான் போட்டாலும் இதற்குக் கீழே இறக்க முடியாது. அதே சென்னையிலிருந்து ஐரோப்பிய சர்வரில் ஆடினால் நூறு மில்லிசெகண்டைச் சுலபமாகத் தாண்டும். நீங்கள் பந்தை உதைத்துவிட்டதாக நினைப்பீர்கள், சர்வரோ "பந்து அங்கே இல்லையே" என்று சொல்லும்.

நம் கையில் இருப்பது வீட்டுக்குள் நடக்கும் தாமதம். ரவுட்டர் ஹாலில், டிவி படுக்கையறையில், நடுவில் இரண்டு சுவர் என்றால் வைஃபை அவ்வப்போது திணறும். ஒரு லேன் கேபிளை இழுத்து பிஎஸ்5-ன் பின்பக்கம் செருகிவிட்டால் அந்தத் தலைவலி தீர்ந்தது. முடியாவிட்டால் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். ஆனால் சுவர் குறுக்கே வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் வலுவிழக்கும், இரண்டையும் போட்டுப் பாருங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதாது, டிவிக்கும் கன்சோலுக்கும் இன்வெர்ட்டர் வேண்டும்.

அப்புறம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன் என்பதை ஓடவிடுங்கள். முடிவில் நேட் டைப் என்று ஒரு வரி வரும், மற்றவர்களின் கன்சோலோடு எவ்வளவு எளிதாக இணையலாம் என்பதைச் சொல்வது அது. 1 அல்லது 2 என்றால் நல்லது. 3 என்றால் சில கேம்களில் நண்பர்களோடு சேர்வதும் வாய்ஸ் சாட்டும் மக்கர் பண்ணும். ரவுட்டர் செட்டிங்ஸில் யுபிஎன்பி (கன்சோலுக்கு வேண்டிய வழியை ரவுட்டர் தானே திறந்துவிடும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் நெட் கம்பெனிக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

படி 3: டவுன்லோடு

ராத்திரியே போட்டு வையுங்கள். நண்பர்கள் எட்டு மணிக்குக் கூப்பிட்டு, நீங்கள் ஏழே முக்காலுக்கு கன்சோலை ஆன் செய்தால், அப்டேட் இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

படி 4: மைக்கை அணைத்து வையுங்கள்

டூயல்சென்ஸ் கண்ட்ரோலரிலேயே மைக் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாய்ஸ் சாட்டில் இருக்கும்போது குக்கர் விசில், மிக்ஸி சத்தம், "சாப்பிட வர்றியா இல்லையா?" எல்லாம் அடுத்த முனைக்குப் போய்ச் சேரும். கண்ட்ரோலரின் நடுவில், பிஎஸ் பட்டனுக்குக் கீழே ஒரு குட்டிப் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு எரியும், மைக் அணைந்துவிட்டது என்று அர்த்தம். எப்போது ஆன் செய்தாலும் அணைந்தே இருக்கும்படி சவுண்ட் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: தனியாகக் கொஞ்சம் பழக்கம்

கேமுக்குள் போனதும் டுட்டோரியலை ஒருமுறை முடித்துவிடுங்கள். ஆர்2 முன்னே போக, எல்2 பிரேக், எக்ஸ் குதிக்க, வட்டம் பூஸ்ட் (காரைச் சீறிப் பாய வைப்பது). முக்கோணப் பட்டனை அழுத்தினால் கேமரா பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும், புதியவர்களுக்கு இது பெரிய உதவி. கேமரா செட்டிங்ஸில் கேமரா ஷேக் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பிறகு எதிராளி இல்லாமல் தனியாக ஆடும் ஃப்ரீ பிளேயில் பந்தை அங்குமிங்கும் தள்ளிப் பழகுங்கள். காற்றில் பறந்து அடிக்கும் வீடியோக்களைப் பார்த்து அதை உடனே முயல வேண்டாம். முதலில் தரையில் பந்தைத் தொடவே ஒரு பொழுது ஆகும்.

படி 6: மேட்ச்

கேஷுவலில் (தரவரிசை இல்லாத சாதாரண ஆட்டம்) 2-க்கு-2 அல்லது 3-க்கு-3 தேர்ந்தெடுங்கள். ரேங்க் மேட்சுக்கு இப்போது அவசரமில்லை, அதில் பாதியில் வெளியேறினால் கொஞ்ச நேரம் தடையும் விழும். ரீஜன் (சர்வர் இருக்கும் பகுதி) என்ற இடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் பந்தின் மேல் பாயாதீர்கள். ஒருவர் போனால் மற்றவர் கோல் பக்கம் பின்வாங்க வேண்டும். இது ஒன்று தெரிந்தாலே கூட ஆடுபவர்கள் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தாலும் மேட்ச் முடியாது. பந்து தரையைத் தொட்டால்தான் முடியும். ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது பந்து காற்றில் இருந்தால், அதைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டிக் கோல் வரை கொண்டுபோக முடியும். உள்ளே போய்விட்டால் ஓவர்டைம். எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆளோடு சேர்ந்து அந்த நான்கைந்து வினாடியை ஆடினால் எதற்கு இத்தனை பேர் இதில் கிடக்கிறார்கள் என்று தெரியும்.

நீங்கள் கோல் விட்டால் சிலர் "வாட் எ சேவ்!" என்று நக்கலாகத் தட்டிவிடுவார்கள். கண்டுகொள்ள வேண்டாம். எல்லை மீறினால் மியூட், பிளாக், ரிப்போர்ட் மூன்றும் இருக்கின்றன. நண்பரிடம் எக்ஸ்பாக்ஸோ பிசியோ இருந்தாலும் பரவாயில்லை, ராக்கெட் லீக்கின் உரிமையாளரான எபிக் நிறுவனத்தின் கணக்கு வழியாக நட்பு கோரிக்கை அனுப்பி ஒரே பார்ட்டியில் சேரலாம்.

சந்தா எப்போது?

இரண்டு வாரம் கழித்தும் ஆசை குறையவில்லை, நண்பர்கள் எல்லோரும் ஈஏ எஃப்சி ஆடுகிறார்கள் என்றால் அப்போது கட்டுங்கள். இந்தியாவில் எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என்று மூன்று வகை. ஆன்லைனில் ஆட எசென்ஷியலே போதும். மேலே உள்ள இரண்டும் கூடுதல் கேம் தொகுப்புக்காக. முதலில் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். கட்டிய கையோடு ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள், கட்டிய மாதம் முடியும் வரை சந்தா நடப்பில்தான் இருக்கும்.