பொட்டு வெளிச்சத்தைத் துரத்தாதீர்கள், ஆச்சி

காரைக்குடியில் பார்வைப் புலப் பரிசோதனைக் கருவியை, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் கருவியை, இயக்குகிறேன். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே ஓரப் பார்வையைத் தின்னும். அதைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை. ஒரு கண்ணை மூடி, கருவியின் கிண்ணம் போன்ற உட்பகுதியின் நடுவிலுள்ள விளக்கையே பாருங்கள். ஓரத்தில் பொட்டு மின்னினால் பொத்தானை அழுத்துங்கள். முகப்பில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடியே, வீட்டின் உள்கட்டான வளவுக்குள் யார் போகிறார்கள் என்று கவனிப்பீர்களே, அந்த வித்தைதான்!

பல பொட்டுகள் தெரியாது. எவ்வளவு மங்கல்வரை தெரிகிறது என்று கருவி தேடுகிறது. பதறி, தெரியாததற்கும் அழுத்தினால் முடிவு கெடும். அழுத்திய கையோடு கண் சிமிட்டலாம். களைத்தால் என்னிடம் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்.

முதல் சோதனை பெரும்பாலும் பழகவே போய்விடும். மறுபடி கூப்பிட்டால் சலிக்காதீர்கள். பழைய முடிவுத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நோய் நகர்கிறதா என்பது புரியும். அவற்றைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வருபவர்களே அதிகம்.