தேன்மெழுகுக் களிம்பு: சென்னை வெயிலுக்கு ஒவ்வாத பழக்கங்கள்

வீட்டில் லிப் பாம் செய்யத் தொடங்குபவர்கள் குளிர்நாட்டுச் செய்முறை ஒன்றை அளவு மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்வதே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். அச்செய்முறைகள் தேங்காய் எண்ணெயைக் கெட்டிப் பொருளாகக் கணக்கிடுகின்றன. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் அந்த எண்ணெயோ, மார்கழிக் காலைகள் சிலவற்றைத் தவிர, சென்னையில் ஆண்டு முழுவதும் திரவமாகத்தான் இருக்கிறது. ஒரு பங்கு மெழுகுக்கு ஐந்து பங்கு எண்ணெய் சேர்த்த லிப் பாம், கத்திரி வெயிலில் கைப்பைக்குள் இளகி வழிந்தால் அதில் வியப்பில்லை. லிப் பாமுக்கு ஒன்றுக்கு மூன்று என்ற அளவிலிருந்தும், டப்பாவில் வைக்கும் பித்தவெடிப்புக் களிம்புக்கு ஒன்றுக்கு நான்கு என்ற அளவிலிருந்தும் தொடங்கலாம்.

இந்த அளவுகள் எடைக்கு உரியவை, கரண்டிக்கு அல்ல. துருவிய மெழுகில் காற்றிடைவெளி மிகுதி என்பதால், ஒரே கரண்டி ஒரு நாள் நெகிழ்ந்தும் மறுநாள் அழுத்தியும் நிரம்பும். சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் போதும். உருகிய கலவையில் ஒரு துளியைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு, இறுகிய பின் விரலால் தொட்டுப் பார்த்து, மெழுகோ எண்ணெயோ கூட்டிக்கொள்வது நல்லது.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும்; ஏறத்தாழ 85 டிகிரியைத் தாண்டினால் நிறமும் மணமும் கெடத் தொடங்கும். அடுப்பில் நேரடியாக வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கச் சொல்வது இதற்காகத்தான். அளவுக்கு மீறிச் சூடான மெழுகு தீப்பற்றக்கூடியது. அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கேடான தவறு நீர் கலப்பது. பன்னீர், சோற்றுக் கற்றாழைச் சாறு, தேன் ஆகியவை மெழுகோடும் எண்ணெயோடும் தாமாக ஒன்றுவதில்லை. எவ்வளவு கலக்கினாலும் பிரிந்து நிற்கும், நீர் நின்ற இடத்தில் பூசணமும் நுண்ணுயிரிகளும் வளரும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றிவிட்டால் கெடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எண்ணெய் சிக்கடிப்பதை வைட்டமின் ஈ தாமதப்படுத்தும், அவ்வளவுதான்; நுண்ணுயிரிகளை அது தடுக்காது. நீர் கலந்த கிரீம் வேண்டுமென்றால் நீரையும் எண்ணெயையும் பிரியாமல் இணைக்கும் குழம்பாக்கியும், நுண்ணுயிரிகளைத் தடுக்கும் உரிய பதனப்பொருளும் இன்றியமையாதவை, அவற்றைச் சரியான அளவில் சேர்க்கத் தெரியாதவரை எண்ணெய்க் களிம்போடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. கழுவிய டப்பாவில் தங்கும் ஈரமும் இதே கேட்டைச் செய்யும். நம் கடலோரக் காற்றில் டப்பா தானாக உலர்ந்துவிடும் என்று நம்பாமல், துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கட்டிகளில் பெட்ரோலிய மெழுகான பாரஃபின் கலந்திருக்க வாய்ப்புண்டு. நல்ல மஞ்சள் மெழுகில் தேன் வாசனை மெலிதாக வரும், ஆனால் வெளுத்த மெழுகும் உண்டு என்பதால் வெண்மையை மட்டும் வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பழைய கட்டியின் மேல் படரும் வெண்பொடியும் பூசணம் அன்று. இலேசாகச் சூடு காட்டினால் மறைந்துவிடும்.

எலுமிச்சை எண்ணெய் போன்ற சில வாசனை எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் எரிச்சலுற்றுக் கருக்கும். உதட்டுக்கும் முகத்துக்கும் அவற்றைத் தவிர்த்துவிடலாம். பிற வாசனை எண்ணெய்களை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பிறகே, சொட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மெழுகுப் பாத்திரத்தைத் தொட்டியில் கழுவுவது குழாயை அடைக்கும். சூடு ஆறுவதற்குள் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதன் பிறகு சோப்பிட்டுக் கழுவலாம்.