அக்காவின் ஸ்ரீ: டெபியன் பொதிக்கு கிட் கிளையில் ஒட்டுப் போடும் முறை

பரந்தனில் எனக்கு ஒரு சின்ன கொமினிக்கேசன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம், இதுதான் தொழில். கடையில் 4 கொம்பியூட்டர், புதுக்குடியிருப்பில் மச்சானின் கடையில் 5. எல்லாவற்றிலும் டெபியன் என்ற இயங்குதளம்.

கடையில் டைப் செய்யும் அக்கா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகியவர். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று விரல் ஓடினால் திரையில் 'தமிழ்' என்று வரவேண்டும். யூனிகோட்டுக்கு மாறியபோது கிட்டத்தட்ட அதே இடங்களில் எழுத்து வரும் ஒரு அட்டவணையை அக்காவுக்குப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சரி, ஸ்ரீ மட்டும் இல்லை. அக்காவின் விரல் சமன் குறியில் ஸ்ரீயைத் தேடும். கோயில் கடிதம் ஒன்று வந்தால் பக்கத்துக்கு நாலு ஸ்ரீ வரும், நாலு தடவையும் என்னைக் கூப்பிடுவார்.

அந்த அட்டவணைகள் எம்17என்-டிபி என்ற மென்பொருள் பொதிக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு விசையும் அதற்குரிய எழுத்தும் இருக்கும். அரைப்புள்ளி தட்டினால் புள்ளி வரவேண்டும் என்பதற்கான வரி இப்படி:

(";" "்")

ஆக எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வரி:

("=" "ஸ்ரீ")

ஒரு ஆளுக்கு ஒரு கொம்பியூட்டர் என்றால் இதற்கு ஒட்டே (பட்ச், பொதியின் மேல் போடும் சின்னத் திருத்தம்) தேவையில்லை. வீட்டுப் போல்டருக்குள் புள்ளி எம்17என் புள்ளி டி என்று ஒரு போல்டர் போட்டு, திருத்திய அட்டவணையை அதற்குள் வைத்தால் போதும். அமைப்புக் கோப்பில் முடிகிற வேலைக்குப் பொதியைத் தொடாதீர்கள். புது அட்டவணையாக வேறு பெயரில் போடுவதும் நல்ல வழிதான், ஆனால் மெனுவில் இரண்டு பெயர் தெரிந்தால் அக்கா தவறானதைத்தான் அமத்துவார். 9 கொம்பியூட்டர், இரண்டு கடை, யார் எந்தக் கதிரையில் இருப்பார்கள் என்று தெரியாது. அதனால் பொதியையே திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

முதல் தடவை செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பொதியின் மூலத்தை இறக்கி, கோப்பைத் திறந்து, நேரடியாகத் திருத்தி, கட்டி, போட்டுவிட்டேன். பிறகு இன்னும் இரண்டு திருத்தம் அதன் மேலேயே. டெபியனில் புதுப் பதிப்பு வந்த நாளில் எது மூலக்காரர் (மென்பொருளை முதலில் எழுதியவர்) எழுதியது, எது டெபியன்காரர் மாற்றியது, எது நான் கிறுக்கியது என்று ஒன்றும் பிரியவில்லை. சைக்கிள் டியூப்பில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். நான் செய்தது டியூப்பையே உருக்கி வார்த்த மாதிரி.

டெபியனின் 3.0 குவில்ட் வடிவத்தில் இதற்கு ஒழுங்கு இருக்கிறது. மூலம் தொடப்படாமல் இருக்கும். மாற்றங்கள் டெபியன் போல்டருக்குள் பட்சஸ் என்ற போல்டரில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். எது முதலில், எது பிறகு என்பதை சீரீஸ் என்ற கோப்பு சொல்லும். கட்டும்போது அந்த வரிசையில் ஒட்டப்படும். ஆனால் அந்தக் கோப்புகளைக் கையால் திருத்துவது பெரிய வில்லங்கம். அதில் எழுதியிருக்கும் வரி எண்ணிக்கை பிசகினாலே ஒட்டாது. அங்கேதான் கிட்-பில்ட்பக்கேஜ் வருகிறது. கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; ஒவ்வொரு பதிவும் ஒரு கொமிட், கொமிட்களின் ஒரு தொடர் ஒரு கிளை. ஒட்டுக் கோப்புகளை அது ஒரு கிளையில் கொமிட்களாக விரித்துத் தரும். நாம் கிட்டில் வழக்கம்போல வேலை செய்வோம், முடிந்ததும் திரும்பக் கோப்புகளாகச் சுருட்டி வைக்கும்.

கட்டளைகளை மச்சானுக்குப் போனில் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, ஜிபிபி என்பது கிட்-பில்ட்பக்கேஜின் சுருக்கம், மூன்று எழுத்து.

முதலில் பொதியைக் கொண்டுவர வேண்டும்: ஜிபிபி இம்போர்ட்-டிஎஸ்சி, பிறகு ஏபிடி முக்காற்புள்ளி எம்17என்-டிபி. மூலக் கட்டை அப்படியே திரும்ப எடுக்க பிரிஸ்டைன்-டார் தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளைப் பெயர்களுக்கு டிஇபி-14 என்ற டெபியன் முன்மொழிவு ஒரு முறை சொல்கிறது: முதலில் வெளியிடுபவர் பெயர், பிறகு சாய்கோடு, பிறகு லேட்டஸ்ட். டெபியன்காரரின் வேலை டெபியன்/லேட்டஸ்ட் கிளையில், மூலம் அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட் கிளையில். எங்களுடையதற்கு வன்னி/லேட்டஸ்ட் என்று பெயர் வைத்தேன். கடை போர்டில்கூட இவ்வளவு பெருமையாக ஒரு பெயர் இல்லை. இந்தப் பெயர்களை ஜிபிபியின் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் ஒவ்வொரு தடவையும் சொல்லத் தேவையில்லை.

இப்போது வன்னி/லேட்டஸ்ட் கிளையில் நின்று: ஜிபிபி பிகியூ இம்போர்ட். பிகியூ என்பது பட்ச்-கியூ, அதாவது ஒட்டு வரிசை. பட்ச்-கியூ/வன்னி/லேட்டஸ்ட் என்று ஒரு புதுக் கிளை உருவாகி, நீங்கள் அதற்குள் நிற்பீர்கள். டெபியன் ஏற்கெனவே போட்ட ஒட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கொமிட்டாக அங்கே இருக்கும். அதன் மேல் உங்கள் மாற்றத்தைச் செய்து கொமிட் போடுங்கள்.

ஒரு காரணத்துக்கு ஒரு கொமிட். என்னிடம் மூன்று: ஸ்ரீ, மெனுவில் தெரியும் பெயரைத் தமிழில் சுருக்கியது, மூலத்திலேயே இருந்த ஒரு தவறைத் திருத்தியது. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மூன்றாவதை மூலக்காரர் ஏற்றுக்கொள்ளும் நாளில் மற்ற இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது.

கொமிட் செய்தியின் முதல் வரியை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். ஒட்டுக் கோப்பின் பெயர் அதிலிருந்துதான் வருகிறது. கீழே தமிழில் எவ்வளவும் எழுதலாம். நான் எழுதியது: 'கடையில் பாமினி பழகியவர் சமன் குறியில் ஸ்ரீயைத் தேடுகிறார். எங்கள் இரு கடைகளுக்கு மட்டும். மூலத்துக்கு அனுப்பத் தேவையில்லை.' டிஇபி-3 என்ற தலைப்புக் குறிப்பு முறையில் இந்தக் கடைசி வசனத்துக்கு ஃபோர்வர்டட் என்று தனி வரியே உண்டு. மூன்றாவது ஒட்டுக்கு அந்த வரியில், அனுப்பிய வழு அறிக்கையின் முகவரியைப் போட்டேன். ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது உதவுவது இந்த நாலு வரிதான். மாற்றம் என்ன என்பதைக் கோப்பே காட்டும், ஏன் என்பதைக் காட்டாது.

சரி, கொமிட் முடிந்தது. ஜிபிபி பிகியூ எக்ஸ்போர்ட் என்று கொடுத்தால் வன்னி/லேட்டஸ்ட்டுக்குத் திரும்பி வந்து, பட்சஸ் போல்டரையும் சீரீஸையும் புதிதாக எழுதிவிடும். அதைக் கொமிட் செய்யுங்கள். அமைப்புக் கோப்பில் பட்ச்-நம்பர்ஸ் என்பதை ஃபோல்ஸ் ஆக்கி வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஒட்டு போனதும் மிச்ச எல்லாக் கோப்புகளின் பெயரிலும் எண் மாறி, எது உண்மையில் மாறியது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பதிப்பு எண்ணுக்கு, பொதியின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லொக்கை எழுதும் டிசிஎச் கட்டளையில் லோக்கல் தெரிவைக் கொடுத்து வன்னி என்று சொன்னேன். அது டெபியனின் எண்ணுக்குப் பின்னால் வன்னி1 என்று ஒட்டும். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மூன்றாம் வெளியீட்டில் கட்டிய எங்கள் பொதி டெபியனின் மூன்றை விடப் பெரியது, நான்கை விடச் சிறியது. டெபியன் நான்கை வெளியிட்டால் அப்டேட் எங்களுடையதைச் சத்தமில்லாமல் மேவிவிடும். ஹோல்ட் போட்டுத் தடுக்கலாம். நான் தடுப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தால் அது உள்ளே வரட்டும், ஸ்ரீ இரண்டு நாள் பொறுக்கும். எப்படித் தெரியும் என்றால், காலையில் அக்கா கூப்பிடுவார். "தம்பி, ஸ்ரீ திரும்பவும் ஓடிட்டுது."

அப்படிக் கூப்பிட்ட அன்று செய்ய வேண்டியது இது. முதலில், எதையும் தொடுவதற்கு முன், பிகியூ இம்போர்ட். ஒட்டுகள் பழைய மூலத்தில் ஒட்டிய நிலையில் கிளையாக விரிய வேண்டும். பிறகு புதுப் பதிப்பை டெபியன்/லேட்டஸ்ட் கிளைக்குக் கொண்டுவந்து, அதை வன்னி/லேட்டஸ்ட்டில் மேர்ஜ் செய்யுங்கள், அதாவது இரு கிளைகளையும் சேருங்கள். அந்தக் கிளையில் மூலத்தை நாங்கள் தொட்டதே இல்லை என்பதால் மோதல் வந்தாலும் சேஞ்ச்லொக்கிலும் பட்சஸ் போல்டரிலும் மட்டும்தான் வரும். அதன் பிறகு ஜிபிபி பிகியூ ரீபேஸ். மூன்று ஒட்டும் ஒவ்வொன்றாகப் புது மூலத்தின் மேல் ஏறும். ஏதாவது ஒன்று ஒட்டாவிட்டால் அந்த இடத்தில் நிற்கும். கோப்பைத் திறந்து சரிசெய்து, கிட் அட், பிறகு கிட் ரீபேஸ் கண்டினியூ.

முதலில் இம்போர்ட் செய்ய மறந்துவிட்டால்? நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன். ஒட்டுகள் புது மூலத்தில் ஒட்டாது என்று பிகியூ இம்போர்ட் அடம்பிடிக்கும். டைம்-மெஷின் தெரிவுக்கு 10 என்று கொடுங்கள். ஒவ்வொரு கொமிட்டாகப் பின்னால் போய், ஒட்டுகள் ஒட்டும் இடத்தைத் தேடும், பத்துக் கொமிட் வரை. கண்டுபிடித்ததும் அங்கிருந்து ரீபேஸ் செய்யலாம். எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

போன தடவை ரீபேஸ் செய்தபோது இரண்டுதான் ஏறியது. மூன்றாவது ஏற்கெனவே மூலத்தில் இருக்கிறது என்று கிட் அதை விட்டுவிட்டது. எக்ஸ்போர்ட் செய்ததும் சீரீஸில் ஒரு வரி குறைந்தது. அன்று அக்காவுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன், ஏன் என்று அவருக்குத் தெரியாது.

கட்டுவது ஜிபிபி பில்ட்பக்கேஜ். ஒட்டுக் கிளையில் நின்றுகொண்டு கட்டினால் கிளை பிழை என்று மறுத்துவிடும், பயப்படாமல் மாறிக்கொள்ளுங்கள்.

மச்சானிடம் இதைக் கொண்டுபோவதற்கு நான் பென் டிரைவையே பயன்படுத்துகிறேன். கிட் பண்டில் கிரியேட் என்றால் களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் போகும் பஸ்ஸில் தெரிந்த ஆள் இருந்தால் மத்தியானத்துக்குள் அங்கே போய்விடும். அவர் அதிலிருந்தே குளோன் செய்யலாம், பிறகு ஃபெட்ச் செய்யலாம்.

ஒரு தடவை சோம்பலில் எல்லாக் கிளைகளையும் கட்டி அனுப்பிவிட்டேன், ஒட்டுக் கிளையும் சேர்ந்து. மச்சான் அதன் மேலேயே தன் பிரிண்டர் கடைக்கு ஏதோ ஒரு மாற்றத்தைக் கொமிட் செய்துவிட்டார். இங்கே நான் ரீபேஸ் செய்ததால் என் மூன்று கொமிட்டும் வேறு அடையாளத்தோடு புதிதாகிவிட்டன. அவர் இரண்டையும் மேர்ஜ் செய்ய, சீரீஸில் ஸ்ரீ இரண்டு தடவை வந்து நின்றது. இரண்டாவது ஒட்டாமல் கட்டல் விழுந்தது. போனில் ஒரு மணித்தியாலம். ஒட்டுக் கிளை என்பது வேலை செய்யும் மேசை, ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுப் புதிதாக விரிப்பது. வரலாறு வன்னி/லேட்டஸ்ட்டில் உள்ள பட்சஸ் போல்டரில் இருக்கிறது.

அதனால் இப்போது எக்ஸ்போர்ட் முடிந்து கட்டியும் பார்த்த கையோடு ஜிபிபி பிகியூ டிரொப் கொடுத்துக் கிளையை அழித்துவிடுகிறேன். பண்டிலில் வன்னி/லேட்டஸ்ட், அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட், பிரிஸ்டைன்-டார் ஆகிய கிளைகளும், பதிப்புகளை அடையாளமிடும் டாக்குகளும் மட்டும். மச்சான் ஃபெட்ச் செய்து, தன் இடத்தில் தானே பிகியூ இம்போர்ட் கொடுத்து விரித்துக்கொள்கிறார்.