அந்த 90 சதவீதத்தை நம்பாதீங்க: புது டீம் லீடுகள் பண்ற தவறுகள்

போன வாரம் எங்க டீம்ல புதுசா லீட் ஆன ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். "அண்ணா, ஸ்டேட்டஸ் ஷீட் போட்டிருக்கேன், ஒரு தடவை பாருங்களேன்." மொத்தம் பதினாலு வரி, பதிமூணு பச்சை, ஒண்ணு மஞ்சள். அதுல எட்டு வரில 90%னு போட்டிருந்தான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா இதே ஷீட்டை 2016ல நான் போட்டிருக்கேன், கலர் கூட அதே கலர்.

மீட்டிங் முடிஞ்சா மினிட்ஸ் அனுப்புங்க, என்னென்ன வேலைன்னு ஸ்கோப்பை எழுத்துல வாங்குங்க, இதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல. ரெண்டு தடவை அடி வாங்கினா அது தானா வந்துடும்.

"90 சதவீதம் முடிஞ்சுது"

இதை நினைச்சா இன்னிக்கும் எரிச்சல்தான். ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணிட்டிருந்தோம், தீபாவளி சீசனுக்கு முன்னாடி லைவ் போகணும். ஸ்க்ரீன் எல்லாம் ரெடி, ரிப்போர்ட் ரெடி, பில்லும் அடிக்குது. பாக்கி ஒரே வரிதான், "பழைய டேட்டா மாத்தறது". பழைய சாஃப்ட்வேர்ல ஐட்டம் பேரெல்லாம் தமிழ்ல இருந்துது, ஆனா யூனிகோட், அதாவது எந்த மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியற பொது முறை, புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி டைப் பண்ணினது, ஃபான்ட்டை எடுத்துட்டா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா நிக்குமே, அந்த வகை.

"கன்வர்ட்டர் இருக்குண்ணா, ஒரு நாள் வேலை"ன்னான் டெவலப்பர். நான் 90ன்னு போட்டேன். அடுத்த வாரமும் 90. இப்படியே ஆறு வாரம். அவன் மேல தப்பு இல்ல, அவனுக்கு நான் வேற அவசர வேலையா கொடுத்துட்டே இருந்தேன். ஒரே ஒரு நாள் "எங்க, காட்டு"ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

லைவுக்கு நாலு நாள் இருக்கறப்ப குடோன்ல முதல் லேபிள் அடிச்சோம். விலை இருக்கு, பார்கோட் இருக்கு, ஐட்டம் பேர் வர வேண்டிய இடத்துல கட்டம் கட்டமா வந்துது. அது பிரிண்டர்ல தமிழ் ஃபான்ட் ஏத்தாததால, அரை நாள்ல சரி பண்ணிட்டோம். அதுக்கப்புறம் வந்ததுதான் கொடுமை, பாதி லேபிள் சரியா இருக்கு, பாதி கன்னாபின்னான்னு இருக்கு. குடோன் கணக்குப்பிள்ளை கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு ஒரு லேபிளைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்தார். "என்ன தம்பி, தெலுங்கா இது?"

தோண்டிப் பார்த்தா, அந்தக் கடைல வருஷக்கணக்கா ஆள் மாத்தி ஆள் டைப் பண்ணிருக்காங்க, ஒருத்தர் பாமினி, ஒருத்தர் வானவில், மூணாவது ஆள் என்ன ஃபான்ட்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எந்த வரி எந்த ஃபான்ட்னு ஃபைல்ல எங்கயும் கிடையாது. ஆறாயிரம் ஐட்டம். ரெண்டு பேரை உட்கார வச்சு கையாலயே டைப் பண்ண வச்சோம், கூலி எங்க கைக்காசு, அது முடியறதுக்குள்ள சீசனே முடிஞ்சு போச்சு, கடைல பழைய சாஃப்ட்வேர்லயே பில் போட்டு ஓட்டினாங்க. மிச்சப் பணம் பொங்கலுக்கு அப்புறம் வந்துது, அதுலயும் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தான் வியாபாரி கொடுத்தார்.

சின்ன ஆளுங்கதான் இப்படி மாட்டுவாங்கன்னு இல்ல. பெர்லின்ல புது ஏர்போர்ட்டை 2012 ஜூன் 3 அன்னிக்குத் திறக்கறதா இருந்தாங்க. மே 8ஆம் தேதி, நாலு வாரம் கூட பாக்கி இல்ல, தள்ளி வைக்கறோம்னு அறிவிப்பு. தீ பாதுகாப்பு ஏற்பாடு சரியா வரல, முக்கியமா தீப்பிடிச்சா புகையை வெளிய தள்ற சிஸ்டம். கட்டடம் நிக்குது, கவுன்ட்டர் நிக்குது, பார்க்கறவனுக்கு எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். தானா திறக்க வேண்டிய கதவுக்கு ஆளைப் போட்டுத் திறக்க வைக்கலாம்னு கூட ஒரு யோசனை ஓடுச்சு, அதைப் படிச்சப்ப எங்க டைப்பிங் ஆளுங்க ரெண்டு பேர்தான் ஞாபகம் வந்தாங்க. கடைசில திறந்தது 2020 அக்டோபர் 31, அதுவும் கொரோனாவுல பறக்க ஆளே இல்லாத நேரத்துல.

இப்பல்லாம் நான் சதவீதமே வாங்கறதில்ல. முடிஞ்சுதா, முடியலையா, அவ்ளோதான். முடிஞ்சுதுன்னா கிளையன்ட்டோட நிஜ டேட்டாவை வச்சு என் கண்ணு முன்னாடி ஓடணும். எதை "ஒரு நாள் வேலை"ன்னு சொல்றாங்களோ அதை முதல் வாரமே எடுத்து, வெறும் பத்து வரியாவது லேபிள் வரைக்கும் ஓட்டிப் பார்த்துடறேன்.

எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பறது

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும், கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி சொதப்பின நாள். ஒரே ஒரு அப்டேட் ஃபைல், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையில நின்னுச்சு, நம்ம ஊர் ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைப் பேனாவால எழுதிக் கொடுத்தாங்க. தப்பான ஃபைலை 78 நிமிஷத்துல வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா ஏற்கெனவே விழுந்த மெஷினுக்கு அதனால என்ன புண்ணியம், பெரும்பாலும் ஆள் போய் ஒவ்வொண்ணா எழுப்ப வேண்டியதாப் போச்சு. முதல்ல பத்து மெஷினுக்கு அனுப்புங்க, ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, அப்புறம் நூறு.

வெள்ளிக்கிழமை ரிலீஸ்

மேல சொன்ன ஜூலை 19 என்ன கிழமைன்னு காலண்டர்ல பாருங்க.

எல்லாம் சரியாத்தான் நடக்கும்னு பிளான் போடறது

2019 செப்டம்பர்ல சந்திரயான்-2 லேண்டர் விழுந்தப்ப, அது இறங்கறதுக்கு ஒதுக்கின இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். சந்திரயான்-3க்கு அதை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர்னு விரிச்சாங்க, எரிபொருளைக் கூட்டினாங்க, காலை பலமாக்கினாங்க. எது எது சொதப்பலாம்னு முதல்ல எழுதிட்டு அதுக்கு ஏத்த மாதிரி டிசைன் பண்ணோம்னு அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சோம்நாத் சொன்னார். விழுப்புரம் வீரமுத்துவேல் புராஜெக்ட் டைரக்டர், 2023 ஆகஸ்ட் 23ல இறங்குச்சு. நம்ம பிளான்ல "டேட்டா தப்பா வந்தா?"ன்னு ஒரு வரி கூட இருக்காது.

கிளையன்ட்டுக்குக் கடைசி நாள்ல சொல்றது

தம்பி ஷீட்டுக்கு வர்றேன். அந்த எட்டு 90ல ஒண்ணைத் தொட்டு "இதை ஓட்டிக் காட்டு"ன்னேன். பேமென்ட் வரி. கொஞ்ச நேரம் தேடினான், அப்புறம் மெதுவா, "பேங்க்ல டெஸ்ட் அக்கவுன்ட்டுக்கே இன்னும் அப்ளை பண்ணலண்ணா." லைவுக்கு மூணு வாரம் இருக்கு. திங்கக்கிழமை கிளையன்ட்டுக்குப் போன் பண்ணி இதைச் சொல்லப் போறான், பக்கத்துல உட்காருங்கண்ணான்னு கேட்டான், போறேன்.