பழைய ரிசீவரின் பவர் சுவிட்சைக் காப்பாற்ற ஒரு ரிலே

1970களின் ஸ்டீரியோ ரிசீவர்களில் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள பெட்டி) அடிக்கடி சாவது பவர் சுவிட்ச். பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் காலியான ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் ஆன் செய்த நொடியில் இழுக்கும் மின்னோட்டம் முழுக்க அந்தச் சின்னத் தொடுமுனைகள் வழியாகத்தான் போகிறது. என்னுடையதைத் திறந்து பார்த்தேன், முனைகள் கரிக்கட்டைபோல் இருந்தன. அதே அளவில் புது சுவிட்ச் கிடைப்பது அபூர்வம்.

அதனால் அந்தச் சுமையை ரிலேவுக்கு மாற்றிவிடுங்கள். காயிலுக்குச் சின்ன மின்னோட்டம் கொடுத்தால் பெரிய தொடுமுனைகளை மூடும் மின்காந்த சுவிட்ச்தான் ரிலே. 230 வோல்ட் ஏசி காயில், 16 ஆம்பியர் தொடுமுனை உள்ள ரிலே போதும். ஃபியூசுக்குப் பிறகு வரும் லைன் இரண்டாகப் பிரியட்டும்: ஒன்று ரிலே தொடுமுனை வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கு, மற்றொன்று பழைய சுவிட்ச் வழியாகக் காயிலுக்கு. காயிலின் மறுமுனை நியூட்ரலில். இனி சுவிட்சில் ஓடுவது சில மில்லிஆம்பியர்தான். 100 அல்லது 120 வோல்ட் ரிசீவர் என்றால் காயிலும் அதே வோல்டேஜில் வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சுவிட்சின் குறுக்கே இருக்கும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றியே ஆகவேண்டும். இல்லையென்றால் அதன் வழியே கசியும் மின்சாரமே போதும், ஆஃப் செய்தாலும் ரிலே விடாமல் பிடித்துக்கொள்ளலாம். ரிலே தொடுமுனையின் குறுக்கே புதிய எக்ஸ்2 வகை (மெயின்ஸில் போடுவதற்கென்றே உள்ள பாதுகாப்பு வகை) கெப்பாசிட்டர் போடுங்கள்.

அப்புறம், பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை வைக்காதீர்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் அந்தச் சுவிட்ச் வரை மெயின்ஸ் வந்து நிற்கும்.