வேளாங்கண்ணிக்குப் பகுதி பகுதியாக நடைப்பயணம்
சென்னையிலிருந்து வேளாங்கண்ணி வரையிலான முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை ஒரே மூச்சில் நடக்க விடுப்பு கிடைக்காதவர்கள், பெசன்ட் நகர் மாதா கோயிலில் ஜெபித்துவிட்டு, வார இறுதிகளில் சிறிது சிறிதாக நடந்து, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரலாம். மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் எனப் பேருந்து நிற்கும் ஊர்களில் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்து, அடுத்த முறை அதே நிறுத்தத்தில் இறங்கித் தொடருங்கள்.

புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். குதிகாலில் தோல் சிவந்து எரியத் தொடங்கியதுமே உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்து உலரவிட்டு, காலுறையை மாற்றிக்கொள்ளுங்கள். கொப்புளம் உடைந்தபின் வேண்டுதல் இருந்தாலும் கால் நகராது.

விடியுமுன் நடப்பவர்கள் எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி சாலையின் வலப்புற ஓரமாகச் செல்லுங்கள். நடைப்பயணிகள் அணியும் காவி உடை இருட்டில் எடுப்பாகத் தெரியாது என்பதால், முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டுவது கட்டாயம்.